சென்னைக் காற்றும் மாநகராட்சியும்: கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிற கேள்விகள்

வட சென்னையில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் மாதம் ஒருமுறை கூடும். தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்ததும் யாராவது ஒருவர் புகையைப் பற்றி ஆரம்பிப்பார். கேள்விகள் ஏறக்குறைய அதேதான். கேட்கிற ஆள்தான் மாறுவார். பதில் சொல்லி, சொன்னதைச் சரிபார்த்து, குறித்து வைத்ததில் ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. அதிலிருந்து எடுத்து, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். சென்னையை வைத்து எழுதியது. மதுரை, திருச்சி, தூத்துக்குடியில் இருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

"காத்து கெட்டுப்போச்சுங்கிறீங்க. வானம் நீலமாத்தானே இருக்கு?"

நம்மை அதிகம் பாதிப்பது கண்ணுக்குத் தெரியாத துகள். 10 மைக்ரான் வரை உள்ள துகளை பிஎம் 10 என்பார்கள்; 2.5 மைக்ரான் வரை உள்ளதை பிஎம் 2.5 என்பார்கள். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் இருக்கும். பெரிய துகள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சிறியது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், அதிலும் மிக நுண்ணியது ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமாவோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை பாதிப்பு நீள்வது அதனால்தான்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, நனைத்துப் பிழிந்து, ஜன்னல் கம்பியைத் துடையுங்கள். காவி நிறத்தில், நறநறவென்று வந்தால் அது பெரும்பாலும் ரோட்டுப் புழுதி. கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்குப் போல விரலில் ஒட்டினால் அது புகைக்கரி. எங்கள் வீட்டில் தெருப்பக்க ஜன்னலில் புழுதி வரும். காலி மனையைப் பார்த்த பின்பக்க ஜன்னலில் கரி வரும். வீடு ஒன்றுதான். புழுதி, கரி என்ற இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

"இதுல மாநகராட்சிக்கு என்ன வேலை? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்னு தனியா ஒண்ணு இருக்கே?"

இருக்கிறது. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி தொழிற்சாலைக்கு இசைவாணை கொடுப்பது, புகைபோக்கியைச் சோதிப்பது, மீறினால் மூடச் சொல்வது எல்லாம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. மணலி சுத்திகரிப்பு ஆலையோ எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களோ விடும் புகையை மாநகராட்சி ஆணையரால் நிறுத்த முடியாது. வண்டிப் புகைச் சான்றிதழ் போக்குவரத்துத் துறையிடம் இருக்கிறது. பேருந்து மாநில அரசின் கழகத்திடம் இருக்கிறது.

ஆனால் தரைமட்டத்தில், நம் மூக்குக்கு நேராகக் கிளம்பும் மாசில் பெரும்பங்கு மாநகராட்சியின் கையில்தான். குப்பையை வாங்குவதும் கிடங்கை நடத்துவதும் அவர்கள். தெருவைப் பெருக்குவதும், தோண்டிய ரோட்டை மூடுவதும், கட்டட இடிபாட்டை அகற்றுவதும் அவர்கள். பல மயானபூமிகளில் எரிவாயுத் தகனமேடை வந்ததும் அவர்கள் வழியாகத்தான். நடைபாதை, வண்டி நிறுத்துமிடம், உணவகத்துக்கான தொழில் உரிமம் என்று பட்டியல் இன்னும் நீளும். 426 சதுர கிலோமீட்டர், 15 மண்டலம், 200 வார்டு. ஒவ்வொரு வார்டிலும் ஆளும் வண்டியும் வைத்திருக்கிற அமைப்பு இது. அதனால்தான் நான் எப்போதும் முதலில் மாநகராட்சியிடம் போகச் சொல்கிறேன்.

"நம்மது கடற்கரை ஊரு. கடல்காத்து எல்லாத்தையும் தள்ளிட்டுப் போயிடாதா?"

பகலில் ஓரளவு உண்மை. தில்லியோடு ஒப்பிட்டால் நாம் மூச்சு விடுவதற்குக் கடல் ஒரு பெரிய காரணம். வடகிழக்குப் பருவமழையும் துகளைக் கழுவி இறக்கிவிடும். ஆனால் மார்கழி, தை இரவுகளில் காற்று அசையாமல் நிற்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான அடுக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் எரித்த புகை எங்கும் போகாமல் தெருவிலேயே தங்கும்.

இன்னொன்று, கடல்காற்று மாசை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகிறது. கிழக்கிலிருந்து அடிக்கும்போது எண்ணூர், மணலிப் புகைபோக்கிகள் விடுவது ஊருக்குள்தான் வரும். கடல்காற்று இருக்கிறது என்று வட சென்னைக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிடுவது நியாயமே இல்லை.

"என் போன்ல 150ஐத் தாண்டி சிவப்பு காட்டுது. அரசாங்கத் தளத்துல 100, பச்சை. எது நிஜம்?"

இரண்டும் ஒரே காற்றைத்தான் சொல்கின்றன, கோல்தான் வேறு. 2015இலிருந்து இந்தியாவுக்கென்று தனிக் காற்றுத் தரக் குறியீடு இருக்கிறது. 0 முதல் 50 நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் குறியீடு 100 என்று காட்டும். அதே 60க்கு அமெரிக்கக் கோல் 150ஐத் தாண்டிவிடும். பல செயலிகள் அமெரிக்கக் கோலைத்தான் வைத்திருக்கின்றன.

60 என்ற வரம்பு நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு தரநிலையிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணிநேர வரம்பு 15. ஆண்டுச் சராசரி என்று பார்த்தால் நமக்கு 40, அவர்களுக்கு 5. ஆகவே 'திருப்திகரம்' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். செயலியில் மைக்ரோகிராம் அளவைத் தனியாகக் காட்டும் இடம் இருக்கும். அந்த எண்ணைப் பாருங்கள், எந்தக் கோலும் அதை மாற்றாது.

"ராத்திரி பூரா புகை, குழந்தைக்கு இருமல். காலையில பார்த்தா 'திருப்திகரம்'. பொய் சொல்றாங்களா?"

பொய் இல்லை, சராசரி. குறியீட்டில் துகளுக்கு எடுப்பது 24 மணிநேரச் சராசரி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 22 மணிநேரம் பிஎம் 2.5 அளவு 35 இருந்தது என்று வையுங்கள். இரவு 10 மணி முதல் 12 வரை யாரோ குப்பையை எரித்ததில் 300க்குப் போனது. 22 பெருக்கல் 35, 770. இரண்டு பெருக்கல் 300, 600. கூட்டினால் 1,370. 24ஆல் வகுத்தால் 57. வரம்பு 60. அந்த நாள் 'திருப்திகரம்' என்றே பதிவாகும்.

அந்த இரண்டு மணிநேரம் உங்கள் குழந்தை மூச்சில் இழுத்தது 300தான். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டிய அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "அப்போ எனக்கு மூச்சு முட்டுனது நெசந்தானே?" என்று கேட்டார். நிஜம்தான் பாட்டி. காற்றை அளக்கும் நிலையங்களின் அரசு இணையதளத்தில் மணிக்கு மணி அளவும் கிடைக்கும். புகார் கொடுக்கும்போது நாள் சராசரியை விட்டுவிட்டு அதை எடுத்துக் காட்டுங்கள்.

"அளவெடுக்கிற கருவியே எங்க தெருவுல இல்லையே?"

மணலி, கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி என்று தொடர்ந்து அளக்கும் தானியங்கி நிலையங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. இவை தவிர ஆளைவைத்து வடிதாள் மாற்றி அளக்கும் நிலையங்கள் உண்டு. அவை வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் என்ற கணக்கில் எடுப்பவை. நீங்கள் புகையில் திணறிய இரவு அந்த இரண்டு நாளில் விழாமலே போகலாம்.

இதனால் உங்கள் தெரு கணக்கிலேயே இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். மாநகராட்சி நடவடிக்கை எடுக்க எண் தேவையில்லை. குப்பை எரிகிறது என்பதே குற்றம், எத்தனை மைக்ரோகிராம் எரிந்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

"மத்திய அரசு கோடி கோடியா கொடுத்துச்சாமே, அந்தப் பணம் என்ன ஆச்சு?"

2019 ஜனவரியில் தேசிய தூய காற்றுத் திட்டம் வந்தது. சுமார் 130 நகரங்கள் அதில் சேர்ந்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்கும். முதல் மூன்றுக்கும் பணம், மத்திய வரிப்பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு வழியாக வந்தது. காற்றின் தரத்தில் முன்னேற்றம் காட்டினால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு. 2017-18 அளவிலிருந்து 2025-26க்குள் 40 சதவீதம் குறைப்பது, அல்லது தேசியத் தரத்தைத் தொடுவது என்பது இலக்கு.

எதைக் குறைத்தால் மதிப்பெண் என்பதுதான் இங்கே முக்கியம். அளவுகோலாக எடுத்துக்கொண்டது பிஎம் 10, அதாவது பெரும்பாலும் புழுதி. அதனால் நாடு முழுக்க உள்ளாட்சிகள் புழுதியின் பின்னாலேயே போயின. தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குப் பார்த்தபோது, செலவான தொகையில் 64 சதவீதம் ரோட்டுப் புழுதிக்கே போயிருந்தது. தொழிற்சாலை மாசுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. முதல் பதிலில் சொன்ன வெள்ளைத் துணியை நினைத்துப் பாருங்கள். காவியைத் துடைக்கத்தான் பணம் அதிகம் போனது. உள்ளே இறங்கி நோய் தருவது கறுப்பு. புழுதி பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சுற்றுப் பணம் எரிப்பைத் தடுக்கப் போக வேண்டும் என்று நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

"ரோடு பெருக்குற வண்டி, தண்ணி பீய்ச்சுற லாரி எல்லாம் வீண்தானா?"

வீண் இல்லை. இயந்திரப் பெருக்கி நன்றாக ஓடினால் ரோட்டோர மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும். துடைப்பத்தால் பெருக்கும்போது பாதி மண் பணியாளரின் மூச்சுக்குள் போகிறது, அதுவும் தவிர்க்கப்படும். ஆனால் அந்த வண்டிகள் ஓடத் தோதானவை பெரும்பாலும் பேருந்து போகும் அகலச் சாலைகள்தான். மாநகராட்சிக்குச் சொந்தமான பேருந்துத் தடச் சாலை சுமார் 387 கிலோமீட்டர். உட்புறத் தெருக்கள் 5,000 கிலோமீட்டருக்கு மேல்.

தண்ணீர் பீய்ச்சுவது வெயிலில் சிறிது நேரத்துக்குத்தான். காய்ந்ததும் அதே மண் மறுபடி எழும். மண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் சரியான வைத்தியம். மழைநீர் வடிகாலில் தூர் வாரிய சேற்றை வாய்க்கால் ஓரமே குவித்துவிட்டுப் போவார்கள். மூன்று நாளில் காய்ந்து, நான்காம் நாள் ஒவ்வொரு ஆட்டோ போகும்போதும் பறக்கும். கேபிளுக்கோ குழாய்க்கோ வெட்டிய ரோட்டை மண்ணால் மட்டும் மூடி விடுவதும் அப்படியே. வாரிய சேற்றை அன்றைக்கே லாரியில் ஏற்றினால் தண்ணீர் லாரியே தேவைப்படாது.

"பக்கத்து மனையில வீட்டை இடிக்கிறாங்க. யாரைக் கேக்கிறது?"

2016இலிருந்து கட்டட இடிபாட்டுக் கழிவுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. தகரத் தடுப்பு, பச்சை வலை, இடிக்கும்போது தண்ணீர் தெளிப்பு, ரப்பிஷ் ஏற்றிய டிப்பருக்கு மேலே தார்ப்பாய், இவை எல்லாம் உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் செய்ய வேண்டியவை. சென்னை மாநகராட்சி 2025இல் அபராதத்தோடு தனி வழிகாட்டுதலும் அறிவித்தது. ரப்பிஷை இறக்கிப் பதப்படுத்தக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் ஆலைகள் இருக்கின்றன.

முதலில் நேரில் போய் மேஸ்திரியிடம் பேசுங்கள். வலை கட்டச் சொன்னால் பலர் கட்டிவிடுகிறார்கள். மறுத்தால் வார்டு உதவிப் பொறியாளரிடம் படத்தோடு கொடுங்கள்.

"குப்பையை எரிக்கிறது சட்டப்படி தப்பா? எங்க தாத்தா காலத்திலிருந்து எரிக்கிறோம்."

தப்புதான். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பொது இடத்தில் எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று வந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது.

தாத்தா எரித்தது வேப்பஞ்சருகும் தென்னமட்டையும். இன்று குவியலில் பால் கவர், மெத்தை நுரை, ஃப்ளெக்ஸ், செருப்பு எல்லாம் இருக்கும். ஃப்ளெக்ஸ் எரிந்தால் அதிலுள்ள குளோரினால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும். சருகுப் புகையும் நல்லதில்லை, பிளாஸ்டிக் கலந்தால் விஷமே.

எங்கள் பகுதியில் இதைவிட மோசம் ஒன்று உண்டு. காயலான் கடைக்குப் போகிற பழைய ஒயரை, செம்புக்காக ரப்பர் உறையோடு கொளுத்துவார்கள். இரவில் ஒரு இனிப்பான, தொண்டையை அறுக்கிற வாடை வரும். மறுநாள் மொட்டைமாடியில் காயப்போட்ட பள்ளிச் சீருடையில் கறுப்புச் சிலந்திவலை மாதிரிக் கரி படிந்திருக்கும். தட்டினால் போகாது, இழுவிக்கொள்ளும்.

"துப்புரவு வேலைக்கு வர்றவங்களே இலையைக் கொளுத்துறாங்க. அவங்க மேல புகார் கொடுக்கலாமா?"

இடத்தின் மேல் கொடுங்கள், ஆளின் மேல் வேண்டாம். கூட்டிய சருகை ஏற்ற வண்டி வரவில்லை, நாளை வந்து மேற்பார்வையாளர் கேட்பார், அதற்கு முன் குவியல் தீர வேண்டும். இந்த நெருக்கடியில்தான் தீக்குச்சி வருகிறது. எரிகிற குவியலுக்குப் பக்கத்தில் நின்று நம்மைவிட அதிகப் புகையை விழுங்குபவரும் அவர்தான். புகாரில், "இந்தத் தெருவில் சருகு எடுக்க வாரத்துக்கு எத்தனை நாள் வண்டி வர வேண்டும், எத்தனை நாள் வந்தது" என்று கேளுங்கள். வண்டி ஒழுங்காக வந்தால் எரிப்பும் நிற்கும். பூங்காவிலும் பெரிய குடியிருப்பிலும் சருகை அங்கேயே உரக்குழியில் போட்டுவிடலாம்.

"கொடுங்கையூர் குப்பைமலையைத் தோண்டுறாங்களே, அதனால புகை குறையுமா?"

குறையும், நிச்சயமாக. குப்பைமலை தானாகவே எரியும். உள்ளே மக்கும்போது மீத்தேன் வரும், சூடும் ஏறும், ஒரு பொறி போதும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி நாள்கணக்கில் புகைந்தது. மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனன்றுகொண்டே இருந்தது. பிரிக்காத குப்பையை ஆண்டுக்கணக்கில் குவித்ததற்குத் தென்சென்னை கொடுத்த விலை அது.

பயோமைனிங் என்பது அந்த மலையைப் பகுதி பகுதியாகக் கிளறி, நுண்ணுயிர் தெளித்து உலரவிட்டு, சுழலும் சல்லடையில் சலிப்பது. மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம். கடைசியில் சொன்னது சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும். பெருங்குடியில் முதலில் தொடங்கினார்கள். கொடுங்கையூரில் சுமார் 66 லட்சம் டன், 640 கோடி ரூபாய்த் திட்டம். வேலை நடக்கும்போது தூசி பறக்கும், லாரி ஓடும். அதற்கான தடுப்பைக் கேட்பது பக்கத்துத் தெருக்காரர்களின் உரிமை. ஆனால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் வட சென்னைக் காற்றுக்காக உள்ளாட்சி எடுத்த பெரிய காரியம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

"அப்போ குப்பையை எரிச்சு கரண்ட் எடுத்தா இன்னும் நல்லதுதானே? அதுக்கு ஏன் எதிர்ப்பு?"

கொடுங்கையூரில் தினமும் 2,000 டன்னுக்கு மேல் எரிக்கும் உலை ஒன்று திட்டத்தில் இருக்கிறது. 2025இல் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலி நின்று எதிர்த்தார்கள். வடிகட்டி வைத்த உலையும் திறந்தவெளி எரிப்பும் ஒன்றில்லை என்பது சரி. ஆனால் நம் குப்பையில் ஈரம் அதிகம். பாதிக்கு மேல் சோறு, காய்த்தோல், இலை. ஈரக் குப்பை சரியாக எரியாது, வெப்பம் இறங்கினால் டையாக்சின் ஏறும். வடிகட்டி பழுதானால் நிறுத்துவார்களா, சாம்பலை எங்கே கொட்டுவார்கள் என்பதுதான் எங்கள் பயம்.

இன்னொரு காரணமும் உண்டு. அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, துறைமுகங்கள், குப்பைக்கிடங்கு எல்லாம் ஏற்கெனவே இங்கேதான். ஊர் முழுவதன் குப்பையையும் ஒரே மூலையில் எரிப்பது சரியில்லை என்பது என் முடிவு. வீட்டிலேயே பிரித்து, ஈரத்தை வார்டிலேயே உரமாக்கினால் எரிப்பதற்கு அவ்வளவு மிஞ்சாது.

"போகிக்குக் கூடவா எரிக்கக் கூடாது? அது நம்ம சம்பிரதாயம்."

பழைய பாய், துடைப்பம், ஓலை எரித்ததுதான் சம்பிரதாயம். டயர் எப்போது வந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களையே கேட்டுப் பாருங்கள். மார்கழிக் கடைசி விடியலில் காற்று எப்படி நிற்கும் என்று மேலே சொன்னேன். எரிக்க அதைவிட மோசமான நேரம் ஆண்டில் கிடையாது. 2018 போகியன்று ஓடுபாதை தெரியாமல் சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.

மாநகராட்சி போகிக்கு முன் பழைய டயர், டியூப், துணிகளைத் தனியாக வாங்கிக்கொள்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 15 மண்டலங்களிலும் அன்று காற்றை அளக்கிறது. எங்கள் தெருவில் மூன்று வருடமாக, முந்தின நாளே பிள்ளைகள் தள்ளுவண்டி எடுத்து வீடுவீடாகப் பழையதை வாங்கிவிடுகிறார்கள். விடியலில் ஒரு கைப்பிடி ஓலை கொளுத்தி மேளம் அடித்து முடித்துக்கொள்கிறோம். பாட்டிகளுக்கும் திருப்தி. தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் 2018இலிருந்து காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததே.

"வண்டிப் புகைதான் பெருசு. அதுக்கு மாநகராட்சியால என்ன பண்ண முடியும்? லண்டன்ல எல்லாம் குறைச்சுட்டாங்களாமே."

லண்டனில் 2019இலிருந்து, தரத்துக்குக் குறைந்த வண்டி மையப் பகுதிக்குள் வந்தால் நாளுக்கு 12.50 பவுண்ட். 2023 ஆகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரித்தார்கள். ஆனால் அங்கே பேருந்து, சாலைக் கட்டணம் எல்லாம் மேயரின் கீழே இருக்கிறது. இரண்டாம் பதிலில் சொன்னபடி நம் மாநகராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. மாநில அரசு 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை விட்டது. அது நல்ல தொடக்கம், மாநகராட்சியின் கணக்கில் வராது.

மாநகராட்சியால் முடிந்தது நடக்க விடுவது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கினார்கள். அதுபோல வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒன்று ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்குப் போக 600 மீட்டர் நடக்க முடியாமல்தான் பாதிப் பேர் வண்டியை எடுக்கிறார்கள்.

"மரம் நட்டா சரியாயிடாதா? இல்லேன்னா அந்தப் புகை உறிஞ்சுற கோபுரம்?"

மரம் நடுங்கள், நிழலுக்கும் சூட்டுக்கும் அது மருந்து. ரோட்டோர இலை கொஞ்சம் புழுதியைப் பிடிக்கும். ஆனால் எரிகிற டயருக்கு மரம் பதில் இல்லை. கோபுரம் வேண்டவே வேண்டாம். தில்லி கன்னாட் பிளேஸில் 2021இல் கோடிக்கணக்கில் செலவழித்துத் திறந்தார்கள். 2023இல் அது மூடிக் கிடந்தது, உச்ச நீதிமன்றம் மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டியிருந்தது. திறந்தவெளிக் காற்றை வடிகட்ட முடியாது.

"அது வரைக்கும் மாஸ்க் போட்டுக்கலாமா?"

என்-95 வகை, முகத்தோடு ஒட்டினால் உதவும். துணி மாஸ்க் புழுதிக்குத்தான், கரிக்கு இல்லை. புகை வரும் நேரத்தில் அந்தப் பக்க ஜன்னலை மூடி, புகை அடங்கியதும் திறந்துவிடுங்கள். மூடிய அறையில் கொசுவத்திச் சுருள் கொளுத்தாதீர்கள், அதுவும் பிஎம் 2.5தான். மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.

"புகாரை எப்படிக் கொடுக்கிறது? ஒருமுறை கொடுத்தோம், அதே இடத்துல மறுபடி எரியுது."

எரிகிற நேரத்தில் மாநகராட்சியின் புகார் எண் 1913. தீ பரவும் போலிருந்தால் அதற்கு முன் தீயணைப்புத் துறைக்கு 101. தொழிற்சாலை வாடை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். புகாரில் நான்கு விஷயம் இருக்கட்டும்: நேரம், கதவு எண் அல்லது அடையாளம், என்ன எரிகிறது, எத்தனையாவது முறை. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி எரிந்தால் புதுப் புகார் கொடுத்து, பழைய எண்களை அதில் எழுதுங்கள். மூன்று எண் சேர்ந்ததும் மண்டல அலுவலருக்குக் கடிதம், நகல் வார்டு உறுப்பினருக்கு. வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் அதே கடிதத்தை வாசித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேசியதைவிடப் பதிவேட்டில் ஏறியதற்கு மதிப்பு அதிகம்.

"தூய காத்துப் பணத்துல எங்க மண்டலத்துக்கு என்ன செலவாச்சுன்னு கேக்க முடியுமா?"

முடியும். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். "என்ன செய்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். நிதிக்குழுவின் காற்றுத் தர மானியத்தில் மண்டலம் வாரியாகச் செலவு, பெருக்கும் இயந்திரம் எந்தத் தேதியில் எந்தச் சாலையில் ஓடியது, குப்பை எரித்ததற்கு விதித்த அபராத ரசீதுகளின் எண்ணிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்தப் பதில்களை வைத்து எதுவும் நகரவில்லை என்றால், சேப்பாக்கம் கலச மகாலில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனுப்போடலாம்.

"இவ்வளவும் எங்களால முடியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

ஒரு மாதம் நோட்டு எழுதுங்கள். புகை வந்த தேதி, மணி, எந்தப் பக்கமிருந்து, வாடை எப்படி: சருகா, பிளாஸ்டிக்கா, ரப்பரா. அவ்வளவுதான்.

ஒயர் எரிப்புக்காக நாங்கள் அப்படித்தான் எழுதினோம். மூன்று வீட்டில் மூன்று பேர், தனித்தனியாக. மாதக் கடைசியில் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே செவ்வாயும் வெள்ளியும், இரவு 11 மணியை ஒட்டி. அந்த இரண்டு நாளில்தான் பழைய ஒயர் மூட்டை வந்து இறங்கும் என்பது அப்புறம்தான் புலப்பட்டது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வார்டு துப்புரவு ஆய்வாளரிடம் கொடுத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை பத்தரைக்கே அவர் வந்து நின்றுகொண்டார். இப்போது அந்த இடத்தில் ஒயரைக் கையால் உரிக்கிறார்கள். பின்பக்க ஜன்னலை இன்னும் வாரம் ஒருமுறை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறேன்.